ஐந்து கோழியும் ஒரு தெருவும்

மதுரைக்கும் கோழிக்கும் பழைய வழக்கு ஒன்று உண்டு. பரிபாடலைச் சேர்ந்ததாகக் கிடைத்துள்ள ஒரு துண்டுப் பாட்டில், புலவர் தம் ஊரின் பெருமையைச் சொல்ல வந்து, வஞ்சி நகரத்தாரும் உறையூராரும் சேவல் கூவிக் கண் விழிப்பவர்கள் என்றும், மதுரை மாநகரத்தாரோ மறை ஓதும் ஒலி கேட்டுத் துயில் எழுபவர்கள் என்றும் கூறுகிறார். உறையூருக்கே அந்நாளில் 'கோழி' என்று ஒரு பெயர் வழங்கியபடியால், அயலூரையும் அயலூர்ச் சேவலையும் ஒரே சொல்லில் மட்டம் தட்டிவிட்ட திருப்தி புலவருக்கு ஏற்பட்டிருக்க வேண்டும். ஆயினும் சேவல் தோற்றுவிடவில்லை. நகருக்குத் தெற்கே திருப்பரங்குன்றம், வடக்கே அழகர்மலையில் பழமுதிர்சோலை என்று ஆறுபடை வீடுகளில் இரண்டு மதுரையின் இரு பக்கமும் அமர்ந்திருக்கின்றன. இரண்டிலும் பறப்பது சேவற்கொடிதான்.

இன்றைய மதுரை மறையொலி கேட்டு எழுவதில்லை. பால்வண்டியும் பேருந்தின் குழலுமே அதை எழுப்புகின்றன. எனினும், திருநகர், ஆனையூர், ஒத்தக்கடை முதலிய இடங்களில் இரண்டு மூன்று சென்ட் மனையில் வீடு கட்டி, பின்புறத்தில் ஒரு முருங்கையும் ஒரு வாழையும் வைத்திருக்கும் குடும்பங்களில் ஓர் ஆசை அடிக்கடி தலைகாட்டுகிறது. "நாலு கோழி வாங்கி விட்டால் என்ன? குழந்தைகளுக்கு வீட்டு முட்டை ஆகுமே!" என்று ஒருவர் சொல்கிறார். மற்றவர்கள் ஆமோதிக்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கூடையில் கோழிகள் வந்து இறங்குகின்றன. அன்று மாலைதான் அவற்றை எங்கே அடைப்பது என்ற யோசனை பிறக்கிறது.

இதன் பிறகு நடப்பதைப் பலரும் அறிவார்கள். ஒன்றை நாய் பிடிக்கிறது. ஒன்றைக் கீரி கொண்டுபோகிறது. சித்திரை வெயிலில் ஒன்று சுருண்டு விழுகிறது. மிஞ்சியவை ஒரு நாள் வெள்ளையாகக் கழிந்து, தலை தொங்கி, வரிசையாக மாய்கின்றன. "நமக்குக் கோழி ராசி இல்லை" என்று வீட்டார் முடிவு கட்டுகிறார்கள். ராசிக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. முதல் கோழிக் கூட்டம் பெரும்பாலும் வாங்குவதற்கு முன்பே இழக்கப்பட்டு விடுகிறது. திட்டமில்லாமையே அதற்குக் காரணம். அந்தத் திட்டத்தில் வீட்டுக்குள் முடிகிற பாகம் உண்டு. தெருவார் சேர்ந்தாலன்றி முடியாத பாகமும் உண்டு. இரண்டையும் பற்றி நாம் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

வரவும் செலவும்

முதலில் ஒரு கணக்கு. நாட்டுப் பெட்டைக் கோழி ஒன்று வருஷத்தில் 60 முதல் 80 முட்டை இடும். ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டுவிட்டு, அடையில் உட்கார்ந்துவிடும். 21 நாள் அடைகாக்கும். பிறகு குஞ்சுகளோடு இரண்டு மூன்று மாதம் அலையும். அந்த நாட்களில் முட்டை கிடையாது. வீட்டு வளர்ப்புக்கென்றே உண்டாக்கப்பட்ட மேல் ரகங்கள் நல்ல பராமரிப்பில் 180 வரை இடக்கூடும். நாமக்கல் பண்ணைகளில் கூண்டில் நிற்கும் வெள்ளைக் கோழியோ 300-க்கு மேல் இடுகிறது.

ஐந்து மேல்ரகக் கோழிகள் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 900 முட்டை, அதாவது வாரத்துக்குப் பதினேழு. ஐந்து நாட்டுக் கோழிகளானால் வாரத்துக்கு ஆறு ஏழு. செலவுப் பக்கம் பார்ப்போம். முட்டையிடும் கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் தீவனம் வேண்டும். ஐந்துக்கு அரைக் கிலோ. மாதத்துக்கு 15 கிலோ. அவ்வளவையும் கடையில் வாங்கிப் போட்டால் ஒரு முட்டைக்குச் சுமார் 200 கிராம் தீவனம் ஆகிறது. நாமக்கல் பண்ணைக்காரர் சுமார் 130 கிராமில் அந்த முட்டையை எடுத்துவிடுகிறார். ஆகவே, கடை முட்டையைவிட மலிவாக முட்டை தின்னலாம் என்ற எண்ணத்தில் யாரும் இதில் இறங்க வேண்டாம். அந்தப் போட்டியில் நாம் தோற்றே தீருவோம்.

பின் எதற்காக வளர்ப்பது? கழுவி ஊற்றும் சோறும், அரிசி நொய்யும், கீரைத் தண்டும், பூச்சியும் புழுவும் முட்டையாக மாறுகின்றன. எச்சம் முருங்கைக்கும் வாழைக்கும் முதல்தரமான எருவாகிறது. முட்டை இட்ட அன்றே கைக்கு வருகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை, ஓர் உயிருக்கு வேளை தவறாமல் தண்ணீர் வைக்க வேண்டும் என்ற கடமையைக் கற்றுக்கொள்கிறது. நகரத்துக்கு வெளியே போனால் விஷயம் இன்னும் பெரிது. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து வானம் பார்த்த பூமியில், ஆண்கள் கை வைக்காத வருமானம் என்று ஒன்று இருக்குமானால் அது கோழிக் காசுதான். பிள்ளையின் நோட்டுப் புத்தகமும், திடீரென்று வந்த காய்ச்சலுக்கு மருந்தும், விருந்தாளிக்குக் குழம்பும் அந்தக் கூடையிலிருந்தே வருகின்றன. அங்கே ஒரு கோழிக் கூட்டம் செத்தால், ஒரு பெண்ணின் சேமிப்புப் பெட்டி திருட்டுப் போனதற்குச் சமானம்.

எந்தக் கோழி?

கோழிகளின் பூர்வீகம் காட்டுச் சிவப்புக் கோழி என்று டார்வின் காலந்தொட்டுச் சொல்லி வந்தார்கள். ஆனால் 2008-ஆம் வருஷத்தில் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி ஒன்று, கோழியின் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் உரிய கூறு அதனிடமிருந்து வரவில்லை, தென்னிந்தியக் காடுகளுக்குரிய சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று காட்டியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவித் திரியும் பறவை, உலகத்துக் கோழிகளுக்கெல்லாம் மஞ்சள் காலைத் தானம் செய்திருக்கிறது.

நம் பக்கத்தில் நாட்டுக் கோழியைச் சிறுவிடை, பெருவிடை என்று இரண்டாகப் பிரிப்பது வழக்கம். சிறுவிடை சிறிய உடல் உடையது, வெயில் தாங்கும், தானே இரை தேடும், அடைகாப்பதிலும் குஞ்சை வளர்ப்பதிலும் அதற்கு இணையில்லை. பெருவிடை உயர்ந்த கால்களும் முரட்டுச் சுபாவமும் கொண்டது. அசில் ஜாதியைச் சேர்ந்தது. 2011-இல் வெளியான 'ஆடுகளம்' திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு, மதுரை என்றதும் இந்தச் சேவல்தான் நினைவுக்கு வரும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது உதவாது. இடம் குறுகலானால் தமக்குள்ளேயே போரிட்டு மாயும்.

முட்டையே பிரதானம் என்கிறவர்கள், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் உண்டாக்கிய நந்தனம் கோழியையோ, ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிலையத்தார் உண்டாக்கிய கிராமப்பிரியா, வனராஜா என்பவற்றையோ விசாரிக்கலாம். இவற்றுள் முட்டைக்குக் கிராமப்பிரியா. வனராஜா முட்டைக்கும் இறைச்சிக்கும் பொதுவானது. அடைகாக்கும் குணம் இவற்றுக்குக் குறைவு. ஆகவே, மூன்று மேல்ரகப் பெட்டையும் இரண்டு சிறுவிடையும் என்று ஐந்தாக வைத்துக்கொள்வது நல்ல யோசனை. முன்னவை முட்டையிட, பின்னவை தாய்மார்களாக இருக்கும்.

சேவல் வேண்டுமா? இந்தக் கேள்வியில் படித்தவர்களும் தடுமாறுவதைக் காண்கிறோம். சேவல் இல்லாமலே பெட்டைகள் தவறாமல் முட்டையிடும். குஞ்சு பொரிக்க வேண்டுமானால்தான் சேவல் வேண்டும். கரு இல்லாத முட்டை வெயில் காலத்தில் சீக்கிரம் கெடாது என்பது ஓர் அனுகூலமுங்கூட. ஒட்டி ஒட்டி வீடுகள் உள்ள தெருவில் விடியற்காலை 4 மணிக்குக் கூவும் சேவலை வைத்துக்கொண்டு, அண்டை வீட்டாரின் நேசத்தையும் வைத்துக்கொள்வது கடினம்.

மற்றோர் எச்சரிக்கை. திருவிழாக் கூட்டத்திலும் தெருமுனையிலும் சிவப்பு, பச்சை, ஊதா என்று சாயம் தோய்த்த குஞ்சுகளைக் கூடையில் வைத்து விற்கிறார்கள். குழந்தைகள் விடுவதில்லை. இவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைகள் கழித்துத் தள்ளிய ஆண் குஞ்சுகள். வெப்பமும் மருந்தும் இன்றி வருவதால் சில நாட்களில் இறந்துபோகும். தப்பிப் பிழைத்தாலும் ஒரு முட்டை இடாது. இவற்றைக் கொண்டு எந்தக் கூட்டமும் தொடங்க வேண்டாம்.

நான்கு மாதத்து விடைக்கோழிகளாக வாங்குவது முதல்முறைக்காரருக்கு உத்தமம். குஞ்சுக்கு முதல் வாரத்தில் 35 டிகிரி செண்டிகிரேடு வெப்பம் வேண்டும். வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். அந்தக் கவலை விடைக்கோழியில் இல்லை. ஒன்றிரண்டு மாதத்தில் முட்டையும் கண்ணில் படும்.

கூடு முந்தி, கோழி பிந்தி

கூடு முடிந்து, அதன் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்த பிறகே கோழி வாங்கப் போக வேண்டும். கிராமங்களில் பகலில் குஞ்சுகளைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரம் அருமையான சாதனம். காற்று வரும், காக்கையும் பருந்தும் தொடமுடியாது. ஆனால் இரவுக்கு அது போதாது. நாய் ஒரு தள்ளுத் தள்ளினால் பஞ்சாரம் உருண்டுவிடும்.

ஐந்து கோழிக்கு 4 அடி நீளம், 3 அடி அகலமுள்ள கூடு தாராளமாகப் போதும். கோழி ஒன்றுக்கு 2 சதுர அடிக்குக் குறையாமல் கிடைக்கும். முன்புறம் 4 அடி, பின்புறம் 3 அடி உயரம் வைத்து, மழைநீர் வழியும்படி கூரையைச் சாய்க்க வேண்டும். தரையிலிருந்து 2 அடி உயரத்தில் கால்களின்மேல் நிறுத்தினால், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஈரம் ஏறாது. கீழேயும் நிழல் கிடைக்கும். ஒவ்வொரு காலையும் தண்ணீர் ஊற்றிய ஒரு கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. எறும்பு மொய்த்துக் குஞ்சு சாவது நாம் நினைப்பதைவிட அதிகம்.

நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்படி வைத்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய சுவரில் மட்டுமே விழும். மதுரையில் சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. கோழிக்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து இளைத்துத்தான் உடம்பின் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். ஆகையால் நம் ஊரில் கூட்டுக்குச் சுவரைவிடக் காற்றே முக்கியம். நீளப்பக்கம் இரண்டிலும் பாதிக்கு மேல் கம்பிவலையாக இருக்க வேண்டும். மழைச் சாரலுக்கு ஒரு சாக்குத் திரை போதும். தகரக் கூரை போட்டால் நண்பகலில் அடுப்பாகிவிடும். வேறு வழியில்லாவிட்டால் அதன்மேல் தென்னங்கீற்றோ பனையோலையோ பரப்பவும். நாட்டு ஓடு கிடைத்தால் அதுவே சிறந்தது.

கம்பிவலையில் சிக்கனம் பார்க்க வேண்டாம். அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய வலை கோழியை உள்ளே வைக்கும். நாயை வெளியே வைக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலையே நாய், கீரி, மரநாய், பாம்பு எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும். பகலில் உலாவுவதற்குக் கூட்டை ஒட்டி 8 அடிக்கு 6 அடி வலைக்கொட்டகை அமைத்தால், கோழி ஒன்றுக்குச் சுமார் 10 சதுர அடி ஆகிறது. அதன் வலையை மண்ணுக்குள் ஒரு அடி இறக்கிப் புதைக்க வேண்டும். கீரி தோண்டுவதில் சமர்த்து.

உள்ளே மூன்று பொருள்கள் இருந்தால் போதும். ஒன்று, குறுக்கே ஒரு கழி. கோழி தரையில் படுப்பதைவிடக் கழியில் அமர்ந்து உறங்கவே விரும்பும். ஒன்றுக்கு 9 அங்குலம் வீதம் 4 அடிக் கழி ஐந்துக்கும் சரியாக இருக்கும். இரண்டு, முட்டையிட இரண்டு பெட்டிகள். ஓர் அடி நீளம், அகலம், உயரம். இருட்டான மூலையில், உள்ளே வைக்கோல் இட்டு, கழியைவிடத் தாழ்வாக. உயரமாக இருந்தால் கோழிகள் இரவில் அதில் படுத்து அசுத்தம் செய்துவிடும். மூன்று, தரையில் 3 அங்குலம் நெல் உமி. சோழவந்தான் பக்கத்து அரிசி ஆலைகளில் உமிக்குப் பஞ்சமில்லை. கடலைத் தோலும் ஆகும். இரண்டு நாளைக்கு ஒருமுறை கிளறிவிட்டு, ஈரமான இடத்தை மட்டும் அகற்றினால் நாற்றம் வராது. நாற்றம் வந்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

மூலைகளிலும் பலகை இடுக்குகளிலும் கோழிச் செள்ளும் உண்ணியும் குடியேறும். வருஷத்தில் இரண்டு தடவை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வெயிலில் காயவைத்து, உட்புறத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது நல்லது. கொட்டகையின் ஒரு மூலையில் சாம்பல் கலந்த உலர்ந்த மண்ணைக் குவித்து வைத்தால், கோழிகள் அதில் புரண்டு தாமே குளித்துக்கொள்ளும்.

இரையும் நீரும்

கம்பு, சோளம், மக்காச்சோளம், அரிசி நொய், தவிடு இவை பலத்துக்கு. கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள் இவை தசைக்கும் முட்டைக்கும். கிளிஞ்சல் தூள் முட்டை ஓட்டுக்கு. கிளிஞ்சலைத் தனி ஓட்டில் வைத்துவிட்டால் வேண்டிய அளவு கோழியே தின்றுகொள்ளும். வெறும் சோற்றையும் நொய்யையும் போட்டு வளர்த்துவிட்டு, "முட்டை இடவில்லையே" என்று கோழியைக் குறை கூறுவது நியாயமல்ல.

கடலைப் புண்ணாக்கை வாங்கும்போது முகர்ந்து பார்த்து வாங்கவும். 1960-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஏராளமாக மாண்டன. காரணம் தேடியபோது, அவை தின்ற கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சு என்று கண்டார்கள். அஃப்ளடாக்ஸின் என்று உலகம் அறிந்த நஞ்சு அதுதான். மழைக்காலத்தில் ஈரம் பட்ட தீவனத்தை, "கோழிதானே தின்னும்" என்று போட்டுவிடலாகாது.

குஞ்சுகளுக்கு நம் கிராமத்தார் கண்ட ஒரு மலிவான இரை உண்டு. ஒரு பழைய பானையில் கிழிந்த சாக்கும், காய்ந்த சாணமும், ஓலைத் துண்டும் அடைத்து, தண்ணீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைப்பார்கள். விடிந்து பார்த்தால் பானை நிறையக் கறையான் இருக்கும். தட்டிக் கொட்டினால் குஞ்சுகள் ஒரு நொடியில் காலி செய்துவிடும். இது புரதம் மிகுந்த உணவு.

தண்ணீர் எப்பொழுதும் நிழலில் இருக்க வேண்டும். கோழி ஒன்றுக்கு நாளுக்குக் கால் லிட்டர். கோடையில் அதற்கு இரட்டிப்பு. மண் சட்டியில் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். நண்பகலுக்கு முன் ஒருமுறை புதுத் தண்ணீர் மாற்றினால், கோடையில் பாதிச் சாவு தடுக்கப்படும்.

அடை வைப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. முட்டை கெடாத குளிர்ந்த மாதங்களே அடைக்கு ஏற்றவை. மார்கழி, தையில் வைத்தால் கோடை வருமுன் குஞ்சுக்கு இறகு முளைத்துவிடும். சிறுவிடை ஒன்றுக்குப் பத்து முட்டைக்குமேல் வைக்க வேண்டாம். ஏழாம் நாள் இருட்டறையில் விளக்கொளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், கரு பிடித்ததில் சிலந்திபோல் இரத்த நரம்புகள் தெரியும், தெரியாதது கூமுட்டை. இடிக்குப் பயந்து அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரியும் மிளகாய் வற்றலும் வைப்பது நம் பாட்டிமாரின் வழக்கம். வைப்பதால் தீங்கில்லை. ஆனால் அடையைக் கலைக்க வேண்டி, கோழியின் மூக்கில் இறகைக் குத்தும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். காற்றோட்டமான வலைக்கூண்டில், வைக்கோல் இல்லாமல் மூன்று நான்கு நாள் விட்டு, தீனியும் நீரும் வழக்கம்போல் கொடுத்தால் அடை தானே கலைந்துவிடும்.

ஒரே இரவில்

இவ்வளவும் செய்து, ஒன்றை மறந்தால் எல்லாம் வீண். அதுதான் வெள்ளைக்கழிச்சல். இமயமலைச் சாரலில் குமாவோன் பிரதேசத்தில் ராணிக்கேத் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1920-களின் இறுதியில் இந்தியாவில் இந்நோய் அங்கே கண்டறியப்பட்டது. ஆகவே நம் தேசத்தில் ராணிக்கேத் நோய் என்றே பெயர் பெற்றது. 1926-இல் இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்தில் கண்டதும் இதே நோய்தான். மேல்நாட்டார் அதை அவ்வூர்ப் பெயரால் அழைக்கிறார்கள். இது நச்சுக்கிருமியால் வருவது. நோய்க் கோழியின் எச்சத்திலும் மூச்சிலும் பரவும்; சந்தைக் கூடையிலும், செருப்பின் அடியிலும் ஒட்டிக்கொண்டு வரும். தடுப்பு மருந்து பெறாத கூட்டத்தில் நுழைந்தால் சில நாட்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். வந்த பிறகு மருந்து கிடையாது. கோடையை ஒட்டி இதன் கொடுமை அதிகம். அம்மன் கோபம் என்று நம் கிராமங்களில் எண்ணப்பட்டது பெரும்பாலும் இதைத்தான்.

வருமுன் காக்க மருந்து உண்டு, நெடுங்காலமாகவே உண்டு. ராணிப்பேட்டையில் 1932-இல் தொடங்கப்பட்ட கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம், தமிழ்நாட்டுக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் வேண்டிய மருந்தைத் தயாரித்து வருகிறது. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நான்காவது வாரத்தை ஒட்டி மறுபடி ஒரு சொட்டு. எட்டாவது வாரத்தில் ஓர் ஊசி. அதன் பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளிகளில் மீண்டும். எட்டாம் வார ஊசிக்கு ஒரு வாரம் முன்னதாகக் குடற்புழு நீக்க மருந்து கொடுப்பது நலம். கால்நடைப் பராமரிப்புத் துறையார் வருஷந்தோறும் கோடைக்கு முன் இரு வார முகாம் நடத்தி, இந்தத் தடுப்பூசியை இலவசமாகவே போடுகிறார்கள்.

அப்படியானால் ஏன் இன்னும் கோழிகள் சாகின்றன? இங்கேதான் தெரு வருகிறது.

தெருவின் பங்கு

அந்த மருந்துக் குப்பி ஐந்து கோழிக்கென்று செய்யப்பட்டதல்ல. ஒரு குப்பியில் பெரும்பாலும் 100 கோழிகளுக்கோ அதற்கு மேலோ போடத்தக்க மருந்து இருக்கும். பனிக்கட்டியிலேயே வைத்துக் கொண்டுவர வேண்டும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும், மிச்சம் உதவாது. ஐந்து கோழி வைத்திருக்கும் ஒரு குடும்பம், 95 கோழிகளுக்கான மருந்தைக் கொட்டிவிட மனம் வராமல், "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று இருந்துவிடுகிறது. அடுத்த மாதம் கழிச்சல் வந்துவிடுகிறது. மருந்து இல்லாமல் அல்ல, நூறு கோழிகள் ஒன்று சேராமல்தான் அந்த ஐந்தும் செத்தன. தீவனத்தில் கலந்து கொடுக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்தைக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் உண்டாக்கியிருப்பது இந்தத் தொல்லையைக் குறைக்கவேதான். ஆயினும், தெருவார் கூடினால் தீராத சங்கடம் இதில் ஒன்றும் இல்லை.

ஒரு வீட்டில் மட்டும் தடுப்பூசி போட்டு, பக்கத்து வீட்டில் போடாமல் விட்டால் பாதுகாப்பும் பாதிதான். கோழிக்கு மதில் சுவர் ஒரு பொருட்டல்ல. காக்கைக்கு அதுவும் இல்லை. எனவே கோழி வாங்கப்போகும் குடும்பம் முதலில் செய்ய வேண்டியது, தெருவில் யார் யார் கோழி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு நடை நடந்து விசாரிப்பதே. பத்து வீடு சேர்ந்தால் நூறு கோழி தேறும். ஒருவர் நாள் குறிக்கலாம். ஒருவர் மருந்தகத்துக்குப் போய் வரலாம். ஒருவர் பனிக்கட்டிப் பெட்டி தரலாம். மாலை இருட்டும் வேளையில், கோழிகள் கூடடைந்த பிறகு வீடு வீடாகப் போனால் பிடிக்கும் சிரமமும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

இப்படிக் கூடிச் செய்வது நமக்குப் புதிதல்ல. 1920-களில் அந்நாளைய திருவிதாங்கூரைச் சேர்ந்ததாய் இருந்த மார்த்தாண்டத்தில், ஒய்.எம்.ஸி.ஏ. சங்கத்தார் ஸ்பென்ஸர் ஹாட்ச் என்பவரின் தலைமையில் கிராமப் புனருத்தாரண நிலையம் ஒன்றை நடத்தினார்கள். நல்ல ஜாதிக் கோழிகளைப் பரப்புவதும், கிராமத்தாரின் முட்டைகளைத் திரட்டிக் கூட்டாக விற்பதும் அங்கே நடந்த வேலைகளில் சேர்ந்தவை. தனித்தனியே நாலு முட்டை வைத்திருப்பவனைத் தரகன் ஏமாற்றலாம். நானூறு முட்டையோடு நிற்கும் ஊரை ஏமாற்றுவது எளிதல்ல. 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த அந்த ஊரின் பழைய பாடம் மதுரைத் தெருக்களுக்கும் பொருந்தும்.

தெருவைக் கேட்க வேண்டிய காரணம் வேறொன்றும் உண்டு. சேவலின் குரல், கூட்டின் நாற்றம், ஈ, அண்டைவீட்டுக் கீரைப் பாத்தியைக் கிளறும் கோழி என்று சண்டைக்குக் காரணங்கள் பல. முதலிலேயே போய், "ஐந்து பெட்டை வைக்க எண்ணுகிறோம், சேவல் இல்லை, கூட்டை உங்கள் ஜன்னலுக்கு எதிரே வைக்கவில்லை" என்று சொல்லிவிட்டு வந்தால் அச்சண்டைகளில் பெரும்பாலானவை பிறக்கவே மாட்டா. மாநகராட்சியில் ஏதேனும் விதி உண்டா என்பதையும் அதே நாளில் கேட்டுக்கொள்வது நல்லது.

சுகாதார விஷயமும் தெருவையே சேர்ந்தது. பறவைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக 2006-ஆம் வருஷம் பிப்ரவரியில் மகாராஷ்டிர மாநிலத்து நவாப்பூர்க் கோழிப்பண்ணைகளில் தலைகாட்டியது. திடீரென்று பல கோழிகளோ காக்கைகளோ இறந்தால், அவற்றைக் கையால் தொடாமலும், தின்னாமலும், விற்காமலும் கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். நோய் கண்ட கோழியை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோய்த் தள்ளுவது, தன் வீட்டு நெருப்பை ஊருக்கு விநியோகிப்பது போலாகும். கூட்டில் கை வைத்தபின் குழந்தைகள் சோப்பு போட்டுக் கை கழுவுவது நாள்தோறும் நடக்க வேண்டிய வழக்கம்.

தொடங்கும் முறை

தைப் பொங்கலுக்குள் கூட்டை முடித்துக்கொள்ளலாம். திருப்பரங்குன்றத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. ஒத்தக்கடையை அடுத்து, 1965-இல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரியின் வளாகத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இவ்விரண்டில் ஒன்றை நாடிப் பயிற்சி எப்போது என்றும், நல்ல விடைக்கோழி எங்கே கிடைக்கும் என்றும் கேட்கலாம். திண்டுக்கல் பக்கம் அய்யலூரில் வியாழக்கிழமை கூடும் சந்தை நாட்டுக் கோழிக்குப் பேர்போனது. ஆனால் சந்தையில் வாங்கிய கோழியைப் பழைய கோழிகளோடு உடனே சேர்க்க வேண்டாம். இரண்டு வாரம் தனியே வைத்துக் கவனித்த பிறகே சேர்க்கவும். தடுப்பூசி போட்ட கோழிதானா என்று கேளுங்கள். திட்டமான பதில் இல்லையேல் போடாதது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கோழி வந்த முதல் வாரம் கூட்டை விட்டு வெளியே விட வேண்டாம். அதுவே தன் வீடு என்று பழகிவிட்டால், பிறகு எங்கே மேய்ந்தாலும் அந்தி சாயும்போது தானே வந்து அடையும். அப்போது எண்ணிப் பார்த்துத் தாழிடுவது ஒருவருடைய பொறுப்பாக இருக்கட்டும். வீட்டில் எல்லோருடைய பொறுப்பாகவும் இருந்தால், ஒரு நாள் ஒருவரும் தாழிட மாட்டார்கள். அந்த ஒரு நாளைத்தான் மரநாய் எதிர்பார்த்திருக்கும்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு முட்டை குறையும். அப்போது கோழியை விற்பதா, உண்பதா, முருங்கைக்கு எருவிடும் பென்ஷன்தாரராக வைத்துக்கொள்வதா என்பது அவரவர் குடும்ப வழக்கத்தைப் பொறுத்தது. ஆனால் அதை வாங்குமுன் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். பேர் வைத்து, கையில் தூக்கி வளர்த்த குழந்தையிடம் இரண்டு வருஷம் கழித்து அந்தப் பேச்சைத் தொடங்குவது மிகவும் கஷ்டம்.

கூட்டுக்குப் பலகையும் வலையும் வாங்கப் போகிற நாளுக்கு முதல் நாளே, தெருவில் அந்த நடையை நடந்துவிடுங்கள். பத்து வீட்டுக் கதவைத் தட்ட அரை மணி நேரம் ஆகலாம். ஐந்து கோழிகளின் ஆயுள் அந்த அரை மணியில் இருக்கிறது.